ட்ரே சுத்தமாக இருந்தது

அத்தியாயம் 17

காவல் நிலையத்துக் காம்பவுண்டுக்குள், வேப்பமரத்தடியில், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது பெரிய வண்டி. ஒன்பது நாளாக அங்கேதான் நிற்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கக் கார் அது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். குணபாலனின் அப்பா வாங்கியது. கீழ்பென்னாத்தூரில் அந்தக் குடும்பத்தை யாரும் பேர் சொல்லித் தேடுவதில்லை. 'பெரிய வண்டி நயினார் வீடு' என்றால் ஆட்டோக்காரர் நேரே வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். இனிமேல் அப்படி யாராவது சொன்னால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வயிறு எரியும்.

மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்துக்கு அந்த வண்டியில்தான் போகவேண்டும் என்று குணபாலன் பிடிவாதம் பிடித்தார் அல்லவா? வேங்கிக்கால் மண்டபத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி நடுரோட்டில் நின்றது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. குணபாலன் இறங்கி முன்னால் போய் பானெட்டைத் திறந்து பார்த்து மூடினார். ஸ்டீயரிங்கில் இருந்த மகன் அபிஷேக், கியரை நியூட்ரலுக்குத் தள்ளாமலே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான். செத்துக் கிடந்த கியர் திடீரென்று பிடித்து, வண்டி ஒரே தாவாகத் தாவியது. எதிரே வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். நடுவில் குணபாலன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்று வியாழக்கிழமை.

கனகமாலா நேற்று மாலைதான் வீட்டுக்கு வந்திருந்தாள். மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு இன்று மாலைக்குள் வேலூர் திரும்பவேண்டும். அப்பாவுக்குத் துணையாக நிவேதா இருக்கிறாள். கனகமாலா காலையில் எழுந்து குளித்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் நிரப்பிவிட்டு, கணவருடைய வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தாள். சட்டை வைத்தாள். வடிகட்டும் துணி ஒன்றும் வைத்தாள். பழக்க தோஷத்தில் செருப்பையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். இரண்டையும் சுற்றிவிட்ட பிறகுதான் உறைத்தது. ஒன்றைப் பிரித்து எடுக்கவும் மனசு வரவில்லை, அப்படியே வைக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் இரண்டையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாள்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அடுத்தாற்போல் ஒரு தகர டின் இருக்கிறது. மூடி போட்டு, மூடிக்கு மேல் துணி கட்டிய ஐந்து லிட்டர் டின். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. காலையில் துணி துவைக்கக்கூடக் குழாயடிக்குத்தான் போனாள், கல்லுக்குப் போகவில்லை. ஆனால் ஒன்பது நாளாகக் கண்ணை மூடினால் அந்த டின்தான் தெரிகிறது.

அதில் என்ன இருக்கிறது என்பதை இந்த உலகத்தில் அவள் ஒருத்தி மட்டுமே அறிவாள்.

விபத்துக்கு நாலு வாரம் முன்னால் மக்பூல் பாய் வந்திருந்தார். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். இந்த மாதிரிக் கிளட்ச் இல்லாத பழைய வண்டிகளைத் தொட்டுப் பார்க்கிற ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். எட்டு மாதம் ஓட்டாமல் ஷெட்டில் நின்ற வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் குளம் கட்டியிருந்தது. கியர் பெட்டிக்குள் இருக்க வேண்டிய எண்ணெய். பாய் கியர் லீவர் தண்டின் சீலை மாற்றினார், புது எண்ணெய் ஊற்றினார், வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி அளவு பார்த்தார். பிறகு அடியில் ஒரு வெள்ளை ட்ரேயைத் தள்ளி வைத்தார்.

"இது இப்படியே கெடக்கட்டும். நிச்சயத்தன்னிக்குக் காலையில ட்ரேயப் பாருங்க. ஒரு சொட்டு செவப்பு இருந்தாலும் வண்டிய எடுக்காதீங்க, எனக்குப் போன் போடுங்க. சுத்தமா இருந்தா தைரியமா எடுங்க" என்று அபிஷேக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். கனகமாலா அப்போது ஊரில் இல்லை. திருமலைச் சமணக் கோயிலுக்குத் தரிசனத்துக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்த அன்று மழை பெய்தது. ஷெட் விளக்குக்கு ஈசல் மொய்த்தது. மறுநாள் காலை பார்த்தால் ட்ரேயில் ஒரு டம்ளர் அளவுக்குச் சிவப்பு எண்ணெய், அதில் நூறு ஈசல். பாதி இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. விளிம்பெல்லாம் எறும்பு.

மழைக்கால நாலு மாதமும் கனகமாலா விரதம் காக்கிறவள். அந்த மாதங்களில் அவள் வீட்டில் பால் செம்புகூட மூடி இல்லாமல் ஒரு நிமிஷம் இருக்காது. கண்ணெதிரே இத்தனை உயிர் துடித்தால் சும்மா இருப்பாளா? ட்ரேயை இழுத்து, எண்ணெயை வடிகட்டி டின்னில் ஊற்றி, ட்ரேயைச் சாம்பல் போட்டுத் துலக்கித் துடைத்து மறுபடி அடியில் தள்ளினாள். அன்றிலிருந்து தினம் பொழுது சாய்வதற்குள் அதே வேலை. முதல் வாரம் ஒரு டம்ளர், அப்புறம் அரை டம்ளர், கடைசியில் உள்ளங்கை அளவு. பாய்க்கு உதவுமே என்று எண்ணெயைக் கீழே கொட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பால் செம்பை மூடியதை யாரிடமாவது சொல்வோமா?

நிச்சயதார்த்தக் காலையில் அபிஷேக் ட்ரேயைக் குனிந்து பார்த்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்த மக்பூலுக்குப் போன் செய்து ட்ரே சுத்தமாக இருக்கிறது என்றான். பாய் சிரித்தபடி, அப்படியானால் எடுக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கனகமாலாவுக்கு இதெல்லாம் தெரியவந்தது. "ட்ரேல ஒரு சொட்டு இல்லன்னு சொன்னீங்களே தம்பி" என்று மக்பூல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது. அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அன்று முடியாதது மறுநாளும் முடியவில்லை. கால் போன பிறகு சுத்தமாகவே முடியாமல் போய்விட்டது. பயம்தான். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் பொய்.

அபிஷேக் ஒன்பது மணிக்குத் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தான். ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, காவல்துறைச் சரிபார்ப்புக்காகக் காத்திருந்தவன். இப்போது அந்தக் காவல்துறையே அவன்மேல் வழக்குப் போட்டிருக்கிறது, கவனமில்லாமல் ஓட்டியதற்காக. பதினோரு மணிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிக்க வருகிறார் என்றும், மக்பூல் பாயும் வருகிறார் என்றும் சொன்னான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு பாய் கையெழுத்துப் போட்டுத் தர்றாரும்மா."

"எதுல?"

"வக்கீல் இளஞ்செழியன் எழுதிக் குடுத்த பேப்பர்ல. ஆயில கம்மியா ஊத்திட்டேன், என் தப்புதான்னு. நாங்க யாரும் கட்டாயப்படுத்தல. அவரே சொல்றாரு."

கனகமாலா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் ஏன் அப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டாள்.

"வேற எங்க போயிருக்கும் ஆயிலு? ட்ரே சுத்தமா இருந்துச்சே. நான் பார்த்தேனே" என்றான் அபிஷேக். சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காம்பவுண்டில் மக்பூல் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அறுபத்து மூன்று வயது. முன்பெல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போவார், இப்போது முழங்கையை ஊன்றி ஊன்றிப் போகவேண்டியிருந்தது. ஆய்வாளர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மக்பூல் உள்ளே இருந்து பதில் சொன்னார்.

வண்டியை நிறுத்தி வைப்பதுதான் வண்டிக்குச் செய்கிற பெரிய கெடுதல் என்பது மக்பூலின் கட்சி. ஓடுகிற வண்டியில் எண்ணெய் கியர் பெட்டி முழுக்கச் சுற்றும். நின்றுவிட்டால் மேலே இருப்பதெல்லாம் சொட்டுச் சொட்டாக அடித்தொட்டிக்கு இறங்கி, மட்டம் ஏறி, லீவர் தண்டின் சீல் முங்குகிற வரைக்கும் வந்துவிடும். ரப்பர் சீல் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் கசியும். எஞ்சின் ஓடாதபோது அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தால், எல்லாம் அடியில் கிடப்பதால், நிறைய இருப்பதுபோலத்தான் காட்டும். புது சீலும் சில நேரம் சரியாக உட்காராது, குச்சியையும் நம்பக்கூடாது என்பதால்தான் அவர் ட்ரே வைத்தார். அபிஷேக்கிடம் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, எல்லாக் கியரிலும் ஒரு சுற்று மாற்றச் சொல்லியும் இருந்தார். இதையெல்லாம் ஆய்வாளர் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடித்தொட்டியைக் கழற்றி அளந்ததில், இருக்கவேண்டியதில் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் இல்லை. உள்ளே தகடுகள் கருகியிருந்தன. லீவர் தண்டில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சீல் ஒழுகுகிறதே என்றார் ஆய்வாளர். எண்ணெய் கம்மியாக ஓடியதால் சூடேறி அன்றைக்கு வெந்திருக்கும், அதற்கு முன்னால் ஒழுகியிருந்தால் ட்ரேயில் தெரிந்திருக்குமே என்றார் மக்பூல். தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொள்கிற பதில் அது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் கணக்குப்படி வேறு பதில் கிடையாது.

அன்றைக்கு இரண்டரை லிட்டர் டின் நாலு ஊற்றினோமா, மூன்றா?

நாலாவது டின்னின் மூடியைத் திருகியது ஞாபகம் இருக்கிறது. சூடான பிறகு குச்சியைத் துடைத்து அளவு பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அந்த வண்டியிலா, இதே கையால் நாற்பது வருஷமாகப் பார்த்த வேறு ஏதோ வண்டியிலா? ஒன்பது நாளாக இதே கேள்விதான். கேட்கக் கேட்க ஞாபகம் இன்னும் மங்குகிறது. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, மூணுதான் ஊத்தியிருப்பேன் சார் என்று ஆய்வாளரிடம் சொன்னார்.

மத்தியானம் ஒரு மணிக்கு அபிஷேக் இதை அம்மாவுக்குப் போனில் சொன்னான். அவன் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. அந்தத் தெம்பைக் கேட்டபோது கனகமாலாவுக்கு மகன்மேல் கோபம் வந்தது, உடனே தன்மேல் அதைவிட ஜாஸ்தியாக வந்தது.

முதலில் கட்டியவரிடம்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்து நிவேதாவின் போனுக்குக் கூப்பிட்டாள். நிவேதா போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"கால் அரிக்குது கனகா" என்றார் குணபாலன். "எந்தக் காலுன்னு கேக்காத."

அவள் கேட்கவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஊசி போட்ட மயக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். சொல்ல வந்ததைத் தவிர எல்லாவற்றையும் கேட்டாள்.

"மக்பூலு கையெழுத்துப் போடறானாமே. நிவேதா சொன்னா" என்றார் அவர். "நாப்பது வருஷம். என் வண்டிச் சாவி எங்கிட்ட இருந்தத விட அவங்கிட்ட இருந்ததுதான் ஜாஸ்தி. அவன் மூஞ்சிய இனிமே எங்கிட்ட காட்டவேணாம்னு சொல்லிடு."

"ஒருவேள அவரு மேல தப்பு இல்லன்னா?"

போனில் பக்கத்துக் கட்டில்காரர் இருமுவது கேட்டது.

"அப்ப நான் யாரு மேல கோவப்படறது? யாரு மேலயாச்சும் கோவம் இருந்தாதான் இந்தப் போர்வைய வெலக்கிப் பாக்க முடியுது கனகா. இல்லன்னா முடியல."

சரி, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வைத்தவள் கொஞ்ச நேரம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடத் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன் என்று ஒன்பது நாளாகத் தனக்குத்தானே சொல்லி வந்த சமாதானம் இன்றைக்குச் செல்லுபடியாகவில்லை. நாலு மணிக்கு ஒரு மனிதர் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடப்போகிறார். அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது சும்மா இருப்பது ஆகாது.

பின்பக்கம் போய், கல்லுக்குப் பக்கத்தில் இருந்த டின்னைத் தூக்கினாள். கனத்தது.

பௌர்ணமி கூட்டம் இன்றைக்கே தொடங்கிவிட்டதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கனகமாலா துணிப் பையைக் காலடியில் வைத்து டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்ரோலா என்று கண்டக்டர் சந்தேகமாகக் கேட்டார். இல்லை, வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் என்றாள். வழியெல்லாம் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் மக்பூல் ஸ்பேனர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வஜீதா, கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கனகமாலாவைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள். மக்பூல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நயினாரு எப்படி இருக்காரும்மா?"

கனகமாலா டின்னை மேஜைமேல் வைத்து, துணியை அவிழ்த்து, மூடியை எடுத்தாள்.

மக்பூல் எட்டிப் பார்த்தார். ஒரு விரலை விட்டுத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அப்புறம் அலமாரியிலிருந்து கோடு போட்ட ஒரு லிட்டர் குவளையை எடுத்து, அளந்து அளந்து ஒரு வாளியில் ஊற்றினார். ஒரு தடவை நிரப்பினார், இரண்டாவது தடவை நிரப்பினார், மூன்றாவது தடவை பாதிக்கு ஒரு கோடு கீழே நின்றது. சுத்தமான சிவப்பு. அதில் தூசு துரும்பு கிடையாது.

"வடிகட்டியிருக்கீங்க" என்றார் மெதுவாக.

"ஆமா பாய்."

அவள் சொன்னாள். மழை, ஈசல், எறும்பு, சாம்பல் போட்டுத் துலக்கிய ட்ரே, தினம் பொழுது சாய்வதற்குள், ஒரு நாள் விடாமல். குரல் நடுங்காமல் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். நடுங்கத்தான் செய்தது.

மக்பூல் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "நாலு டின்னுதான் ஊத்தியிருக்கேன் வஜீதா" என்றார். சொன்னவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒருவர் கால் போயிருக்கையில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்திருக்கவேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, நயினாருக்குத் தெரியுமா என்பது. தெரியாது என்றாள் கனகமாலா.

மக்பூல் எண்ணெயைத் திரும்ப டின்னில் ஊற்றி மூடியை அழுத்தினார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிடிச்சு, போதும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். என் மேல கோவம் இருந்தா அவரு தாங்கிப்பாரு. உங்க மேலன்னா தாங்கமாட்டாரும்மா."

வஜீதா முன்னால் வந்து டின்னுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"அத முடிவு பண்றதுக்கு நீங்க யாருங்க?" என்றாள். கனகமாலாவின் பக்கம் திரும்பினாள். "ஒம்போது நாளாம்மா. வீட்டப் பூட்டுனேனான்னு பாதி வழியில திரும்பி வர்றாரு. நேத்து மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து, நாலு ரக்அத் தொழுதேனா, மூணு தொழுதேனான்னு எங்கிட்ட கேக்குறாரு. அல்லாவுக்கு முன்னால நின்னது கூட இந்த மனுசனுக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சு. தெரிஞ்சும் பாத்துட்டு இருந்தீங்க."

கனகமாலா ஆமாம் என்றாள். வஜீதா திட்டியது அவளுக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

சரியாக நாலு மணிக்கு அபிஷேக் பேப்பரோடு வந்தான். அம்மாவை அங்கே பார்த்துத் திகைத்தான். டின்னைப் பார்த்தான், மேஜைமேல் குவளையில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தான். கனகமாலா இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வக்கீல் சொன்னதைச் சொன்னான். மெக்கானிக் ஒத்துக்கொண்டால்தான் வழக்கு இளகும். இல்லையென்றால் எல்லாம் ஓட்டியவன் தலையில்தான், வேலையும் போய்விடும். பிறகு எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வேணும்னு பண்ணலையே. உன்ன யாரும் கேக்கவும் இல்ல. இத நீ சொல்லல, நாங்க கேக்கலன்னு விட்டுடும்மா."

"வாரா வாரம் வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா தம்பி?" என்று மக்பூல் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சூடு பண்ணிக் குச்சி விட்டிருந்தா கொறையறது தெரிஞ்சிருக்குமே."

அபிஷேக் அம்மாவின் கையை விட்டுவிட்டான். ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்பது அவன் தலை குனிந்ததிலேயே தெரிந்தது.

கனகமாலா தன் போனை எடுத்தாள். வேண்டாம்மா, நேரில் போய்ப் பொறுமையாகச் சொல்லலாம் என்றான் அபிஷேக். நேரில் போனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி சாப்பாட்டைப் பற்றியும் ஊசியைப் பற்றியும்தான் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும். நிவேதா எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றாள்.

"ட்ரேயத் தெனமும் நான்தாங்க கழுவி வெச்சேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "ஒழுகிட்டுதான் இருந்திச்சு. ஈசல் விழுந்து துடிக்கிறதப் பாக்க முடியாம எடுத்து ஊத்தினேன். எண்ணெய் எங்கிட்டதான் இருக்கு. மக்பூல் பாய் சரியாத்தான் ஊத்தியிருக்காரு."

ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"தெனமுமா?" என்றார்.

"தெனமும்."

"ஒரு நாள் கூட விடலையா கனகா?"

"ஒரு நாள் கூட விடலைங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. வஜீதா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கப் போனவள், வடிகட்டாத தண்ணீரை இவள் குடிக்கமாட்டாள் என்பது ஞாபகம் வந்து, தன் முந்தானையை இரண்டாக மடித்துச் சொம்பின் வாயில் கட்டி இன்னொரு டம்ளரில் ஊற்றினாள். கோபம் தீராத முகத்தோடுதான் அதைச் செய்தாள். கனகமாலா வாங்கிக் குடித்தாள்.

கால் மணி நேரம் கழித்து அபிஷேக்கின் போன் அடித்தது. நிவேதாதான். அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது. அவன் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பாகிட்ட அம்மா என்ன சொன்னாங்க? செவுத்தப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்துட்டாரு. மக்பூல் பாய வரச்சொல்றாரு. இன்னிக்கே வரணுமாம்." அவள் நிறுத்தினாள். "அம்மா வரவேணாமாம். இன்னிக்கு மட்டுமான்னு கேட்டேன். பதில் சொல்லல."

மக்பூல் கனகமாலாவைப் பார்த்தார். நான் போகலைம்மா, நீங்கள்தான் முதலில் போகணும், அவர் ஏதோ வேதனையில் சொல்கிறார் என்று தடுமாறினார். கனகமாலா இல்லை என்று தலையசைத்தாள். காலடியில் இருந்த துணிப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கூப்பிட்டாரே பாய். போங்க" என்றாள். "வேட்டி நாலு இருக்கு. தண்ணிய வடிகட்டிக் குடுங்க, அப்படியே குடிக்கமாட்டாரு. துணி மேலாக்கவே வெச்சிருக்கேன்."

மக்பூல் பையை வாங்கிக்கொண்டார். பையின் வாய்க்கு வெளியே அந்த வெள்ளைத் துணியின் நுனி தெரிந்தது. அதில் ஒரு ஓரத்தில், எத்தனை துவைத்தும் போகாமல், வெளிறிய சிவப்பு இருந்தது.

அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். கையெழுத்தில்லாத பேப்பர் டின்னுக்குப் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தது. அபிஷேக் அதை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.